தண்ணீர் கேட்காத செடிகள்

செடி வாங்க வருகிறவர்களிடம் அந்த அக்கா என்ன செடி வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "வருஷத்துல எத்தன நாளு வீட்டப் பூட்டிப் போடுவீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்த கேள்வி, "இருக்கிற நாள்ல மட்டும் தண்ணி யாரு ஊத்துவா? நெசத்தச் சொல்லுங்க." குடும்பமாக வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். அந்தப் பார்வையே அவருக்குப் போதும். குனிந்து செடியோடு ஒரு கறுப்பு கவரைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார். "அப்ப இதுதான் உங்களுக்கு. இது உங்கள தேடாது."

நான் கொசுவலை அடிக்கிறவன். காரைக்காலில் இப்போது கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் முன்பக்கம் எட்டுக்குப் பத்தில் ஒரு வராண்டா விட்டு, கிரில் போட்டு, அதன்மேல் வலையும் அடித்துக்கொள்கிறார்கள். மாலையில் கொசுக்கடி இல்லாமல் நாற்காலி போட்டு உட்கார வேண்டுமே. வலை அடித்து முடித்த மறுநாளே வீட்டுக்காரர்களுக்கு, இங்கே பச்சையாக ஏதாவது வைத்தால் என்ன என்று தோன்றிவிடும். நான் அக்காவைச் சொல்வேன். செடி கேட்டு அவரிடம் போகிறவர்களுக்கு அவர் என்னைச் சொல்வார். இப்படி எட்டு வருடம் ஒரே வீடுகளில் மாறி மாறி வேலை பார்த்தோம்.

அவருக்குச் சொந்த ஊர் கிளிஞ்சல்மேடு, மீன்பிடிக்கிற ஊர். தருமபுரத்தில் சாலையோரம் பச்சை நிழல்வலை கட்டி நர்சரி வைத்திருந்தார். என்னை அவர் 'வலைக்காரரே' என்று கூப்பிடுவதில் ஒரு கேலி உண்டு. "எங்க ஊருல மாட்டணும்னு வலை போடுறாங்க. நீ மாட்டக் கூடாதுன்னு போடுற. ரெண்டுக்கும் கூலி குடுக்க ஆளு இருக்கு பாரேன்."

வலை அடித்த வராண்டா செடிக்கு எப்படிப்பட்ட இடம் என்று அவரைப் போல யாரும் எனக்குச் சொன்னதில்லை. "உள்ள காத்து பாதியாப் போயிடும். வெயிலு சலிச்ச மாதிரி விழும். மழ வராது. செடியத் திங்கிற பூச்சி எப்படியாவது உள்ள வந்துடும். அந்தப் பூச்சியத் திங்கிற பூச்சி வெளியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்." அதனால் ரோஜா கேட்டால் தரமாட்டார். மல்லிகை கேட்டால் சிரிப்பார். செம்பருத்தி என்றால், "மாவுப்பூச்சிக்கு விருந்து வைக்கணுமா?" என்பார். ஸ்னேக் பிளாண்ட், ஜீஜீ, மணி பிளாண்ட், சிங்கோனியம் என்று விரல்விட்டு எண்ணும்படியான சில செடிகள்தான் அவர் கணக்கில் அந்த இடத்துக்கு லாயக்கு. மூன்று வாரம் மறந்தாலும் முகம் வாடாத செடிகள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மனிதர்கள் வாயிலிருந்து விழுகிற நல்ல பேச்சுகளை, வலைக்கு அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பேன். அதில் பாதி அக்கா சொன்னது. ஒன்று சொல்கிறேன். முன்பு எப்போதோ ஒரு பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் அவர் தினக்கூலிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். "மே மாசம் புள்ளைங்களுக்கு லீவு. வாத்தியாருக்கு லீவு. என்னையும் வர வேணாம்னுட்டாங்க. செடிக்கு லீவுன்னு யாரு போயி சொல்றது?" தினமும் கேட்டுக்கு வெளியே போய் நின்று, ஒரு மணி நேரம் உள்ளே விடும்படி காவலாளியிடம் கேட்டிருக்கிறார். உத்தரவு இல்லை என்று அந்த ஆள் விடவில்லை. ஜூனில் கதவு திறந்தபோது வரிசையாக வைத்த குரோட்டன்ஸ் எல்லாம் வரிசை கலையாமல் குச்சியாக நின்றிருக்கின்றன.

இதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், ஈரத்துணியால் இலை துடைத்துக்கொண்டே. பிறகு, "ஒருத்தர நம்பி நிக்கிற செடிய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன் தம்பி. அவரு ஊருக்குப் போவாரு. நோவுல படுப்பாரு. செத்தும் போவாரு. அது எங்க தெரியும் செடிக்கு? வருவாரு வருவாருன்னு நிக்கும்" என்றார்.

நல்ல மனசுதான். ஆனால் அந்த மனசு போகிற போக்கில் எனக்குக் கொஞ்சம் பயமும் இருந்தது. ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஐயா ஒருவர் மனைவி போன பிறகு தனியாக இருந்தார். அவர் வராண்டாவில் ஒரு பீஸ் லில்லி, மகன் எங்கிருந்தோ வாங்கி வந்து வைத்தது. தண்ணீர் இல்லையென்றால் இரண்டே நாளில் இலையெல்லாம் சாய்ந்து தரையைத் தொடும். ஊற்றினால் எழுந்துகொள்ளும். ஐயா அதை மனுஷியைப் போலத்தான் சொல்வார். "காலையில பாத்தா படுத்துக் கெடக்கா. ஒரு சொம்பு ஊத்துனேன். சாப்புட உக்காரும்போது பாக்குறேன், நிமிந்து உக்காந்திருக்கா."

நான் இதை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது அக்காவும் அங்கே இருந்தார். அவர் அதை ரசிக்கவில்லை. "ரெண்டு நாளைக்கு ஒருதடவ மயக்கம் போட்டு விழுற செடி உங்களுக்கு எதுக்குங்கய்யா? நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரியில படுத்தா அது என்னா பண்ணும்?" என்று சொல்லி, அடுத்த வாரமே அதை எடுத்துக்கொண்டு ஒரு ஜீஜீயை வைத்துவிட்டார். ஐயாவும் பெரியவர்களுக்கே உள்ள மரியாதையில், "நல்லதும்மா" என்றார்.

மூன்று மாதம் கழித்து அங்கே வலை தைக்கப் போனேன். ஜீஜீ இலைகளில் தூசி. ஐயாவின் நாற்காலி சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. செடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்குப்பா. அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்றார்.

அக்காவிடம் வந்து இதைச் சொன்னேன். "அதுதான வேணும்" என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது.

அக்காவும் அந்த ஜீஜீயைப் போலத்தான் இருந்தார். ஒரு மழையில் மொபெட் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்தபோது, ஒரு கையாலேயே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டோடு மறுநாள் கடையில் நின்றார். எனக்கு ஒரு போன் போடக்கூடாதா என்று சத்தம் போட்டேன். "போட்டா நீ வருவ. அப்புறம் அடுத்ததுக்கும் மனசு போடச் சொல்லும்" என்றார். கட்டிக்கொடுத்த மகள் கூடவே வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "ஒரு வாரம் போவேன். அதுக்கு மேல இருந்தா வேரு விட்டுடும்" என்பது அதற்குப் பதில்.

இனி புட்டி விஷயத்துக்கு வருகிறேன். சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு. மழையும் படாத வராண்டாத் தொட்டிகளில் அந்த உப்பு மண்ணிலேயே தங்கி, இலை நுனியெல்லாம் கருகும். அதற்கு அக்கா கண்டுபிடித்த வழி, மண்ணே இல்லாமல் கண்ணாடிப் புட்டியில் கேன் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைப்பது. வரிசையாகப் பச்சைப் புட்டிகள் தொங்கினால் பார்க்க அவ்வளவு அழகு. மூன்று வாரத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நின்ற தண்ணீரில் கொசு முட்டை வைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு புட்டி வாயையும் தண்டைச் சுற்றி வலைத்துண்டால் மூடி ரப்பர் பேண்ட் போடுவார். அந்தத் துண்டுகள் நான் வேலை முடித்து வெட்டிப் போடுகிற மிச்சம். கேட்டு வாங்கமாட்டார். நான்தான் ஒரு பையில் சேர்த்து அவர் கடையில் வைத்துவிட்டு வருவேன்.

ஒரு பாய் வீட்டில் வேலை. வீட்டுக்காரர் சபரில் இருந்தார், குவைத்தில் வேலை. இங்கே அவர் மனைவி, மாமியார், ஆறு வயதுப் பெண் பிள்ளை. மனைவியை நாங்கள் ராத்தா என்போம். பிள்ளைக்குக் கொசு கடித்தால் கடித்த இடமெல்லாம் தடித்துப் புண்ணாகிவிடும் என்பதற்காகவே அந்த வராண்டாவுக்கு வலை. நான் வலை அடித்து முடித்த அன்றே அக்காவும் வந்து பதினொரு புட்டிகளைத் தொங்கவிட்டார். கையில் வலைத்துண்டு தீர்ந்துபோயிருந்தது. என்னிடமும் அன்றைக்கு இல்லை.

"நான் போயி கடையில வாங்கிட்டு வந்து போட்டுட்டே போறேன்" என்றார்.

"எதுக்குக்கா? கதவு ஸ்பிரிங் மாட்ட நாளைக்கு நான்தான் வரணும். துண்டு வெட்டிக் கொண்டாந்து நானே மூடிடுறேன்."

அவர் புட்டிகளைப் பார்த்தார். "மறக்க மாட்டியே?"

"பதினோரு துண்டு. அத மறப்பேனா?"

பதினொரு ரப்பர் பேண்டையும் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு அவர் போனார்.

நான் துண்டு வெட்டினேன், அது பொய்யில்லை. பெட்டியில் போட்டுக்கொண்டும் போனேன். மறுநாள் திருவேட்டக்குடியில் ஒரு வேலைக்கு அவசரம், அவர்கள் போன்மேல் போன். ஸ்பிரிங்கை மாட்டினேன், ராத்தா கொடுத்த டீயைக் குடித்தேன், கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திருப்புளி தேடும்போது துண்டுகள் கையில் தட்டுப்பட்டன. நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று வைத்தேன். அந்த நாளைக்கு என்பதை மூன்று தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்புறம் ஞாபகமே வரவில்லை. அக்காவும் கேட்கவில்லை. யாரிடமும் ஒன்றை இரண்டாம் தடவை கேட்கிறவர் இல்லை அவர்.

மூன்றாவது வாரம் ராத்தாவின் மாமியார் போன் செய்தார். "பிள்ளைக்கு டெங்குன்னு சொல்லிட்டாங்க வாப்பா. ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. வலையில எங்கயோ ஓட்ட இருக்கு. வந்து பாரு."

ஓடினேன். வலை அடித்த சட்டம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் புட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தார். பச்சைத் தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து போயின. ஒரு புட்டியில் இல்லை, ஏழில். அவை கொசுவாகி வெளியே போக வழி கிடையாது, நான் அவ்வளவு சுத்தமாக அடைத்திருந்தேன். வீட்டுக்குள் போகத்தான் வழி இருந்தது.

பிள்ளையை எந்தக் கொசு கடித்தது, இங்கேயா பள்ளிக்கூடத்திலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெண்களே அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நெளிகிறதைக் கண்ணால் பார்த்த பிறகு அது யார் காதில் ஏறும்?

அக்காவை வரச் சொன்னார்கள், வந்தார். மாற்றுத் துணி எடுத்துப் போக ராத்தாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அழுது முடித்த முகம்.

"வீட்டுக்குள்ள நாங்களே வச்சு வளத்திருக்கோம்" என்றார் மாமியார்.

ராத்தா குரலே உயர்த்தவில்லை. "நீங்கதானங்க சொன்னீங்க, மூணு வாரம் திரும்பிப் பாக்க வேணாம்னு. நான் திரும்பியே பாக்கலிங்க."

அக்கா புட்டிகளின் வாயைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய ரப்பர் பேண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாரே, அவ்வளவு நேரம்தான்.

"என் தப்புதான்" என்றார்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். நான் பேசவும் செய்தேன். என்ன பேசினேன் தெரியுமா? "வலையில ஓட்ட இல்லிங்க."

பிள்ளை எட்டு நாள் படுத்திருந்தாள். தினமும் ரத்தம் எடுத்து பிளேட்லெட் எண்ணிக்கை சொல்வார்கள், தினமும் அது இறங்கியது. ஐந்தாம் நாள் ஒரு புள்ளியில் நின்று ஏறத் தொடங்கியது. அந்த ஐந்து நாளும் ஆஸ்பத்திரி வாசல் வரை போவேன், ஜன்னலைப் பார்ப்பேன், திரும்புவேன்.

அக்கா அந்த நாட்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை புட்டி வைத்த வீடுகள் ஒன்று விடாமல் போனார். எல்லாப் புட்டியிலும் மூடி இருந்தது, எதிலும் புழு இல்லை. இருந்தும் கொட்டிக் கவிழ்த்து, செடியைத் தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணில் மாற்றி வைத்தார். ஊரில் செய்தி பரவியிருந்ததால் சில வீடுகளில் கேட்டைத் தாண்டி விடவில்லை. "நீங்களே கொட்டிடுங்க, நான் பாத்துட்டுப் போயிடுறேன்" என்று வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு வீடு மட்டும் மிச்சம். அந்தக் குடும்பம் பிரான்சில் இருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. கிரில் இல்லாமல் வலைச்சட்டம் மட்டும் அடித்த வராண்டாவுக்குள் ஆறு புட்டிகள். ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் மொபெட் நின்றது. ஏதாவது வேண்டும் என்று அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். சட்டத்த வெளியிலேர்ந்து நீதான் முறுக்கியிருக்க. அவுத்துக் குடுக்கணும். எனக்கு வேற வழியில்ல."

போனேன். நாலு திருகாணி கழற்றி ஒரு சட்டத்தை எடுத்தேன். அவர் குனிந்து உள்ளே போய் ஒவ்வொரு புட்டியாக எடுத்து வந்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. கொட்டினார். நாலாவது புட்டியைக் கொட்டும்போது எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அந்தத் துண்டெல்லாம் வெட்டி என் பெட்டியிலயே வச்சிருந்தேன்."

"தெரியும்."

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"எத?"

"போடுறேன்னு சொல்லிட்டுப் போடாம விட்டது நான்தான்னு. என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான உங்க தப்புன்னு சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"உனக்காகவா? இல்லியே தம்பி. என் தப்புதான அது? இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ ஒரு வேலைய அடுத்தவங்க கையில விட்டுட்டுப் போனேன். அதத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு ஐந்தாவது புட்டியை எடுக்க உள்ளே போனார்.

இரண்டு வாரமாக நான் அவருடைய பெருந்தன்மையை நினைத்து உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. போர் தண்ணீர் உப்பு என்பது போல, வராண்டாவில் வெயில் குறைவு என்பது போல, நான் இப்படித்தான் என்று அவர் தெரிந்துகொண்டார், அவ்வளவே.

மறுநாள் காலை ராத்தா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை மடியில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, பாதியாக இளைத்திருந்தாள். ராத்தா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பிள்ள பொழச்சிட்டா, வந்து சொல்ற. இல்லேன்னா வந்திருப்பியா?" என்றார்.

வந்திருப்பேன் என்று சொல்ல வாய் எடுத்தேன், வார்த்தை வரவில்லை. ராத்தா அக்காவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு தெரிந்தது. "நீங்க கேக்க என்னா இருக்குங்க" என்றாராம் அக்கா.

அதன் பிறகும் வேலை கிடைத்தது, இருவருக்கும். தருமபுரத்தில் மாடியில் ஒரு வராண்டா. நான் கதவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் பன்னிரண்டு தொட்டியோடு வந்து இறங்கினார். "வலைக்காரரே, சௌக்கியமா?" என்றார், அதே சிரிப்போடு. முன்பெல்லாம் அவர் சொல்லாமலே கூடையின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனை அவர். அன்றும் இறங்கிப் போய்க் கையை வைத்தேன்.

"இருக்கட்டும் தம்பி. நான் பாத்துக்குறேன்."

கூடையிலிருந்து ஒவ்வொரு தொட்டியாக எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினார். முறிந்து கூடிய கை அது. நான் வலைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அதை மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.